காரணம்: திருத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா, அம்மா நலமா, அம்மாவின் முழங்கால் நலமா? மூன்றையும் கேட்டாயிற்று. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிக்கிறோம் என்று அம்மா போட்ட சட்டம் இது. மெயிலாக இருந்தாலும் முறையான கடிதமாக எழுத வேண்டுமாம், நீ அதை வாசித்துக் காட்ட வேண்டுமாம். சரி. இதில் பாதி அம்மாவுக்குப் புரியாது, அந்த இடங்களைத் தாண்டிவிடு.

நீ வேலை பார்க்கிற குளிர்பதனக் கிடங்கின் இணையப் பக்கம் முடிந்துவிட்டது. லைசென்ஸ்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: மெஷின் ரூமில் குளிரூட்டுகிற அமோனியா வாயு காற்றில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்று தினமும் காலையில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். இதுவரை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவந்தீர்கள். மழை பெய்தால் அமோனியா பூஜ்யமாகிவிடும். அந்தக் கூத்து இனி இல்லை.

ரெப்போ என்று ஒன்று உண்டு. கோப்புகள் தங்கும் கிடங்கு என்று வைத்துக்கொள். உங்கள் கிடங்கு மாதிரிதான், ஆனால் உள்ளே வைத்தது அழுகாது. நீ ஓர் எண்ணை மாற்றினால் பழைய எண் போய்விடாது. யார் மாற்றியது, என்றைக்கு, ஏன் என்ற விவரத்தோடு அடியில் கிடக்கும். 'ஏற்று' என்ற பட்டனை நீ அமுக்கியதும் சர்வர் தானாகவே பக்கத்தைப் புதிதாகக் கட்டி வெளியே போட்டுவிடும். யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் சரிபார்த்து அனுப்ப வேண்டாம். நடுவில் மனிதனே கிடையாது. மனிதன் நிற்கிற இடத்தில்தான் தப்பு நடக்கும், அதனால் அவனை எடுத்துவிட்டேன்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பட்டனுக்கு மேலே 'காரணம்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதை நிரப்பாமல் எதையும் ஏற்ற முடியாது. நீ அதில் எழுதுவது பக்கத்தின் அடியில் எல்லோரும் பார்க்கும்படி வரும். உண்மையை எழுது, சுருக்கமாக எழுது.

சந்தேகம் இருந்தால் முதலில் யோசி, பிறகு கேள்.

அவசரத்தில்,
உன் தம்பி

*

பிப்ரவரி 12

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது, மற்ற நேரம் மௌனம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? 'மனிதனே கிடையாது' என்ற இடத்தைத் தாண்டாமல்தான் வாசித்தேன். "அப்ப இவன் எதுக்குச் சம்பளம் வாங்குறான்?" என்று கேட்டாள் அம்மா.

உன் பக்கம் நன்றாக இருக்கிறது. காலையில் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் ரூமுக்குள் மூன்று கம்ப்ரஸரையும் ஒரு சுற்று சுற்றி வருகிறேன். இருப்பதிலேயே பெரிய எண்ணைக் குறித்துக்கொண்டு மாடிக்கு வந்து ஏற்றுகிறேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் பக்கம் மாறியிருக்கிறது. பின்சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன அல்லவா, அந்தத் தெருப் பெண்கள்கூடப் பார்க்கிறார்களாம். இருபத்தைந்தைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று நீ சிவப்பில் போட்டிருக்கிறாயே, அது அவர்களுக்கு மனப்பாடம்.

சுமை ஏற்றி இறக்குகிறவர்களில் ஒருவன் இருக்கிறான். வெயில் காலத்திலும் காதை மூடிய கம்பளிக் குல்லாவைக் கழற்ற மாட்டான், அதனால் அவன் பெயரே குல்லா. குளிர் அறைக்கு வழி மெஷின் ரூமைத் தாண்டித்தான். பலகை இருந்த காலத்தில் அதை அவன் நம்பியதே இல்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டுதான் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் போவான். இப்போது போனில் உன் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். எண் குறைவாக இருந்தால் துணியை என் மேஜையில் போட்டுவிட்டு, "அக்கா, உங்க தம்பி புண்ணியத்துல இன்னிக்கு மூக்குக்கு லீவு" என்கிறான். மேஜை நனைகிறது என்று திட்டினால் சிரிக்கிறான். உன்னைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம், அவன் உன்னிடம் இரண்டு வார்த்தை திட்டு வாங்குவதற்குள் அழுதுவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன்.

காரணப் பெட்டி எனக்குப் பிடித்திருக்கிறது. என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு என் வணக்கம். என் சம்பளக் கணக்கை அவள் பார்க்க வேண்டாம்.

நேற்று பக்கத்தின் அடியைப் பார்த்தேன். "காரணம்: காலை அளவு. மழை. குடையை மறந்ததால் தாமதம்." அக்கா, அது பெட்டி, டைரி அல்ல. நீ குடையை மறந்தது பின்தெருப் பெண்களுக்கு எதற்கு? 'காலை அளவு' என்றால் போதும். திருத்தினால் ஏன் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. நன்றாக இரு.

தம்பி

*

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ பல்லைக் கடிப்பாய், ஆனாலும் எழுதுகிறேன். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. அம்மாவுக்கு இதை வாசிக்கப் போவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மேலாளரை நாங்கள் சர்க்கரை என்போம். நோய் இல்லை, பேச்சு. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாரையாவது வேலையை விட்டு அனுப்புகிற நாளில்கூட டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவார். அவர் கையால் டீ வந்தால் பையை எடுத்துக்கொள் என்று இங்கே பழமொழியே உண்டு.

இம்மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. அப்படியே ஏற்றினேன். சற்று நேரத்தில் அவரே மாடிக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "மீட்டர் கிழடும்மா. கோபம் வந்தா முப்பதும் காட்டும், நாப்பதும் காட்டும். பின்தெருக்காரங்க பாத்துட்டுப் பதறுவாங்க. நம்ம மீட்டரோட கோபத்தை அவங்க தலையில போடலாமா? பதினெட்டுன்னு வைங்க" என்றார். வைத்தேன். பெட்டி காரணம் கேட்டது. "மேலாளர் சொன்னதால்" என்று எழுதினேன். நீதானே உண்மையை எழுதச் சொன்னாய்.

அதன் பிறகு இன்னும் சில நாள் அப்படி ஆனது. ஒவ்வொரு முறையும் அதே காரணத்தைத்தான் எழுதினேன். அவர் பக்கத்தின் அடிவரை இறங்கிப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

மீட்டர் பழசுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது கம்ப்ரஸர் பக்கம் நின்றால் வெங்காயம் உரித்த மாதிரி கண் எரிகிறது. கண்ணும் மீட்டர் மாதிரி கிழடாகிவிட்டதா என்று தெரியவில்லை.

உன் முறைப்படி இப்படி மாற்றுவது சரிதானா? நீ படித்தவன். கூடாது என்று நீ ஒரு வார்த்தை எழுதினால், "தம்பி ஒத்துக்க மாட்டேங்குறான் சார், அவன் முறை அப்படி" என்று அவரிடம் சொல்லிவிடுவேன். உன் பெயரைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

பதில் எழுது.

அக்கா

*

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என் மானம் போனது. பெரிய கம்பெனி ஒன்றில் நேர்முகத்துக்குப் போயிருந்தேன். நான் தனியாகக் கட்டியது எதையாவது காட்டு என்றார்கள், உங்கள் பக்கத்தைத் திறந்தேன். கேட்டவர் நேராக அடியில் போய் நின்றார். "மேலாளர் சொன்னதால்." அதற்கு முந்தையதைப் பார்த்தார், அதிலும் "மேலாளர் சொன்னதால்." அவர் சிரித்தார். வீட்டு அழுக்கைத் தெருவில் காயப்போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

உண்மையை எழுது என்றால் கோள் சொல்லு என்று அர்த்தமா? யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதா காரணம்?

சரி செய்துவிட்டேன். ரெப்போவில் வைத்தது அழியாது என்று எழுதியிருந்தேன். தெரிந்தவன் கை வைத்தால் அழியும். உன் வரி இருந்த இடத்திலெல்லாம் 'திருத்தம்' என்று போட்டு, முழு வரலாற்றையும் முதலிலிருந்து மாற்றி ஏற்றினேன். பழையதன் மிச்சமும் சர்வரில் இல்லாமல் துடைத்துவிட்டேன். இனி உனக்குக் குழப்பமே வராதபடி, எண்ணை மாற்றினால் பெட்டியில் 'திருத்தம்' என்ற சொல் தானாகவே வந்து நிற்கும். நீ பட்டனை அமுக்கினால் போதும்.

எண் சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே. எண் உன் துறை. அதை வெளியே கொண்டுபோவது என் துறை. மீட்டர் கிழடு என்றால் புது மீட்டர் கேள்.

தம்பி

*

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா நலம்.

பெட்டி வசதியாக இருக்கிறது. யோசிக்க வேண்டியதில்லை. புது மீட்டர் கேட்டேன், வரும் என்றார் மேலாளர். வெயில் அதிகம், மெஷின்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

குல்லாவின் துணி என் மேஜையில்தான் கிடக்கிறது. இப்போதெல்லாம் அதை நனைப்பதே இல்லை. "என்னக்கா, பதினெட்டைத் தாண்ட மாட்டேங்குதே, மெஷினுக்கு உங்க மேல பயமா?" என்று இன்று கேட்டான். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான், என்னைப் பார்க்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. என்னை அவசரக்குடுக்கை என்கிறவள் நீ.

அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு இந்த வரியைச் சத்தமாக வாசி. பக்கத்தின் அடியைச் சுத்தம் செய்து திரும்ப அனுப்பியிருந்தேன், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். கட்டிய நாளிலிருந்து ஒரு முறைகூடத் தடுக்கி விழாமல் ஓடுகிறது என்று நானே போய்ச் சொன்னேன். ஏற்றியது எல்லாம் ஏற்றியபடி வெளியே வந்திருக்கிறது. நடுவில் மனிதன் இல்லை என்றால் இப்படித்தான் இருக்கும்.

பழைய லேப்டாப்பைப் பழைய ஆபீஸில் துடைத்துக் கொடுத்துவிட்டேன். புதிதில் எல்லாம் புதிதாக ஆரம்பம். அடுத்த மாதம் ஊருக்கு வரப் பார்க்கிறேன். குல்லாவுக்கு ஒரு வெயில் தொப்பி வாங்கி வரட்டுமா?

விவரமாக எழுது.

தம்பி

*

ஜூன் 11

அக்கா,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

பக்கத்தில் சில நாளாக எதுவும் ஏறவில்லை என்று சர்வரிலிருந்து எனக்குத் தானாக ஓர் எச்சரிக்கை வந்தது. நீ லீவு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று சாப்பாட்டு நேரத்தில் செய்தி பார்த்தேன். குளிர்பதனக் கிடங்கு, வாயு, ஒருவர் பலி, இருவருக்குக் கண்பார்வை சந்தேகம். படத்தில் தெரிந்தது உங்கள் வாசல். பழைய பலகை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

போன் போட்டேன். அம்மா எடுத்தாள். "அக்கா தூங்குறா" என்றாள். மறுபடி போட்டேன், மறுபடியும் தூங்குகிறாய். பகல் பன்னிரண்டு மணிக்கு நீ தூங்கி நான் பார்த்ததில்லை.

யார் அது? ஒரு வரி போதும். அம்மாவின் கடிதச் சட்டம் எதுவும் வேண்டாம்.

தம்பி

*

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நானும் இருக்கிறேன். நீ சாப்பிடு, தூங்கு, புது இடத்தில் நல்ல பெயர் எடு.

குல்லாதான்.

அன்று காலையில் மீட்டர் நாற்பத்து நான்கு காட்டியது. நான் அதை முதலில் ஏற்றவே இல்லை. ஏற்றிய பிறகு மாற்றுவானேன் என்று நேராகவே பதினெட்டு போட்டுவிட்டேன். முந்தைய வாரங்களில் அப்படிப் பழகியிருந்தது. யாரும் மாடிக்கு வந்து சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை கீழே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், காலை வணக்கம் சொல்வது மாதிரி.

குல்லா பக்கத்தைப் பார்த்தான். துணியை எடுக்கவில்லை. மூட்டையோடு உள்ளே போனான். அவன் பின்னால் இரண்டு பேர் போனார்கள். மூன்றாவது கம்ப்ரஸரில் வாயுவை அடைத்திருந்த சீல் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் போனவர்கள் வாசலுக்கு அருகில் இருந்ததால் தவழ்ந்து வந்துவிட்டார்கள். அவன் குளிர் அறைக் கதவுப் பக்கம் மாட்டிக்கொண்டான். நான் மாடி ஜன்னலைத் திறந்து "வெளியே வா, வெளியே வா" என்று கத்தினேன். எந்தப் பக்கம் வெளியே என்று அவனுக்குத் தெரியவில்லை. கண் திறக்க முடியாதாம் அதில். அவனைத் தூக்கி வந்தபோதும் குல்லா தலையிலேயே இருந்தது.

விசாரணைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உன் ரெப்போவிலிருந்து எல்லா மாற்றங்களையும் தாளில் எடுத்து வந்திருந்தார்கள். முப்பத்தொன்று பதினெட்டானது. முப்பத்து மூன்று பதினேழானது. பக்கத்தில் என் பதவி, என் பெயர். காரணம்: திருத்தம், திருத்தம், திருத்தம். தப்பு விட்ட பிள்ளை திரும்பத் திரும்ப எழுதிக் காட்டிய மாதிரி இருந்தது. "யாராவது சொல்லித்தான் மாத்தினீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மேலாளரையும் கேட்டார்கள். தனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது என்றாராம்.

நான் உனக்கு எழுதியது, நீ எனக்கு எழுதியது எல்லாவற்றையும் என் பக்கம் அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு. இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. ஊருக்கும் இப்போது வர வேண்டாம்.

அக்கா

*

ஜூலை 4

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, நேராக வருகிறேன்.

ஏன் இல்லை என்று சொன்னாய்? பைத்தியமா உனக்கு? அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார் என்று நீதான் எழுதினாய். அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டியதுதானே?

மூன்று நாளாகத் தேடுகிறேன். பழைய வரலாறு சர்வரில் இல்லை. சுத்தமாகத் துடைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்தது. பழைய ஆபீஸுக்குப் போய்க் கெஞ்சினேன். அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், வாங்கி நோண்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீ நேராக இணையப் பக்கத்திலேயே எழுதியதால் உன் கம்ப்யூட்டரிலும் பிரதி இருக்காது. எங்கேயும் இல்லை. என் வேலையில் ஓட்டை இருக்காது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். இல்லைதான்.

மறுபடி அவர்களிடம் போ. சொல். காத்திருக்கிறேன்.

தம்பி

*

ஜூலை 20

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

அம்மாவுக்கு முழங்கால் அப்படியே இருக்கிறது. நான் சமையல் செய்கிறேன், துணி துவைக்கிறேன். பகலில் தெருவில் போவதில்லை.

நீ கேட்டதற்கு ஒரே முறை பதில் எழுதுகிறேன், பிறகு கேட்கக் கூடாது. மேலாளர் சொன்னார் என்று நான் சொன்னால், அத்தாட்சி என்ன என்று அடுத்த கேள்வி வரும். அத்தாட்சி நீ மார்ச்சில் எழுதிய கடிதம். அதை எடுத்து நீயே வாசித்துப் பார். யார் சொன்னது என்று உனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே அழித்தாய் என்று அதில் உன் கையாலேயே இருக்கிறது. அதைக் கொடுத்து நான் தப்பிக்கவா? தப்பிக்கவும் மாட்டேன். எண்ணைப் போட்டது என் விரல்தான். கடைசி நாளில் யாரும் சொல்லவும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும். அம்மாவுக்கு ஒரு பிள்ளையாவது வெளியே இருக்க வேண்டும்.

போன வாரம் சர்க்கரை வீட்டுக்கே வந்தார். பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். அம்மா உட்காரச் சொன்னாள். "அந்தப் பக்கத்தைக் கட்டினது உங்க தம்பிதானேம்மா? நல்ல பையன். நல்ல வேலையில இருக்கானாமே" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

குல்லாவின் மனைவியும் வந்தாள். திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். அவள் திட்டவில்லை. "அன்னைக்கு நெஜமா எத்தனக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாற்பத்து நான்கு என்றேன். விசாரணையில் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவன் துணியை நான் துவைத்து மடித்து வைத்திருந்தேன், கொடுத்தேன். வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சோப்பு வாசம்தான் வருது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் வாசனையையும் நான் திருத்தியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி விசாரணையின் கடைசி நாள். அதன் பிறகு வழக்கு. நீ வராதே. கடிதங்களை அழித்தாயா? அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, அது போதும் எனக்கு.

அன்புடன்,
அக்கா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை. நீ நலமில்லை என்பதும் தெரியும். அம்மாவின் முழங்காலுக்கு நல்ல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை யார் பார்ப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் யோசித்தும் கிடைக்கவில்லை. நான் எதற்கும் இவ்வளவு நாள் எடுத்தவன் அல்ல, உனக்கே தெரியும்.

மார்ச் மாதக் கடிதத்தை வாசித்துப் பார் என்றாய். பார்த்தேன். அதற்கு முந்தைய உன் கடிதத்தில் நீ என் பெயரைச் சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தாய். கூடாது என்று ஒரு வார்த்தை கேட்டாய். நான் உனக்கு ஒரு வார்த்தை கொடுத்தேன்: திருத்தம். நடுவில் மனிதனே கிடையாது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். நான்தான் நடுவில் நின்றிருந்தேன்.

அழித்துவிடு என்கிறாய். ஒரு முறை நீ சொல்லாமலே அழித்தேன். இந்த முறை நீ சொல்லியும் அழிக்க மாட்டேன்.

பக்கம் இன்னும் இருக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டரை எடுத்துப் போனவர்களுக்கு சர்வரின் சாவி என்னிடம் இருப்பது தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைசியாக ஏறிய பதினெட்டு அப்படியே பச்சை நிறத்தில் நிற்கிறது. பின்தெருப் பெண்கள் இன்னும் திறந்து பார்க்கிறார்கள், தினமும் சிலர். வேறு யாரோ ஒருவர் அதே காலை நேரத்தில், அதே பழைய போனிலிருந்து திறக்கிறார். அது யார் போன், இப்போது யார் கையில் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பதினெட்டுக்குக் கீழே நம் கடிதங்களை வைக்கிறேன். முதலிலிருந்து, தேதி வரிசைப்படி, உன்னுடையதும் என்னுடையதும், அம்மாவின் முழங்கால் உட்பட. உன் குடையையும் எடுக்கவில்லை, என் திட்டுகளையும் எடுக்கவில்லை. இந்தக் கடிதமும் சேர்த்துத்தான். விசாரணைக்காரர்களுக்கும் இதே பொதியை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவர்கள் அதை ஒரு மேஜையில் வைத்துக் காத்திருப்பார்கள், யாராவது டீ கொண்டுவருவார். இது காத்திருக்காது. நான் பட்டனை அமுக்கினால் வெளியே போய்விடும். அதற்காகத்தானே கட்டினேன்.

இதனால் நீ தப்பிக்க மாட்டாய், அதுவும் தெரியும். கடைசி நாளில் யாரும் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அதையும் நான் தொடவில்லை. நானும் உள்ளே வரலாம். சர்க்கரையும் வந்தால் மூன்று பேர். புது ஆபீஸில் சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் இந்த முறை சிரிக்கவில்லை.

பத்தாம் தேதிக்கு முன்பே வந்துவிடுவேன். குல்லாவின் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், வழி சொல். கோபம் இருந்தால் நேரில் திட்டு, கதவை மட்டும் திற. அம்மாவுக்கு இதை முழுக்க வாசி. எந்த இடத்தையும் தாண்டாதே.

இப்போது ஏற்றப் போகிறேன். பெட்டியில் 'திருத்தம்' தானாகவே வந்து நிற்கிறது. நான் வைத்ததுதான். பின்பக்கமாக ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி காலியாகிவிட்டது. காரணம் கேட்கிறது.

உன் தம்பி

*

கடைசி மாற்றம்: ஆகஸ்ட் 3
மாற்றியவர்: இந்தப் பக்கத்தைக் கட்டியவன்
காரணம்: 'மேலாளர் சொன்னதால்' என்று அவள் எழுதியிருந்தாள். அழித்தது நான்.